பெயரை வெட்டிய இடம்

நாற்பது நிமிஷம் தலையை அசைக்காதீங்க மேடம் என்று வசுமதி சொல்லிவிட்டுப் போனது என்னவோ நல்லதுக்குத்தான். முடி முழுக்கச் சாயத்தை அப்பி, மேலே பிளாஸ்டிக் உறையை மாட்டி, கழுத்தில் பழந்துண்டைச் சுற்றி, ஹெப்சிபாவை நாற்காலியில் பொருத்திவிட்டு, போகிற போக்கில் தன் போனை ஸ்பீக்கரோடு இணைத்து அந்தப் பாட்டையும் போட்டுவிட்டாளே, அது எந்த நல்லதுக்கு என்றுதான் தெரியவில்லை. நிமிஷத்துக்கு நூற்றி இருபத்தெட்டு அடி. ஹெப்சிபாவால் எண்ணாமல் இருக்க முடியாது, இருபத்தைந்து வருஷமாகப் பாடிப் பிழைக்கிறவளுக்குத் தாளம் காதில் விழுந்தால் விரல் தானாக எண்ணிவிடும், துண்டுக்கு அடியில் அவள் கட்டைவிரல் இப்போதே எண்ணிக்கொண்டுதான் இருந்தது, சனியன் பிடித்த கட்டைவிரல். அறுபத்து நாலு அடியில் நடந்த பாட்டு இது. ‘காயாத துணி’ என்று பெயர், மழை விடாத வாரத்தில் கொடியில் கிடக்கும் துணியைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் பாடுகிற பாட்டு, பாட்டு என்றால் முக்கால்வாசி மூச்சுதான், ஒரு கீபோர்டும் ஒரு பேஸ் கிடாரும் பின்னால் தயங்கித் தயங்கி வரும். பதினாலு வருஷத்துக்கு முன்னால் வந்தது, வந்த சுவடு தெரியாமல் போனது. அதைத் தோண்டி எடுத்து, இரண்டு மடங்கு வேகமாக்கி, கீழே டிரம்மைக் கொட்டி, ஆடுவதற்கு ஆக்கியிருக்கிறான் ரோஷன் என்கிற பையன். முப்பது விநாடித் துண்டை நாலு நாளைக்கு முன் வெளியே விட்டான். அதற்குள் பெரம்பூர் மார்க்கெட்டில் செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பியூட்டி பார்லர் வரைக்கும் வந்துவிட்டது. முழுப் பாட்டு இன்று மாலை ஆறு மணிக்கு, ஒரு ஹோட்டல் ஹாலில், மேடையில் அவளையும் நிறுத்தி வைத்து. சாயம் பூசிக்கொள்வதே அதற்காகத்தான். ஆனால் ஐந்தரைக்குள் அவள் ‘சரி’ என்று ஒரு மெசேஜ் அனுப்பினால்தான் பாட்டு வெளியே வரும், ஏனென்றால் பாட்டு அவள் பெயரில் இருக்கிறது. நாலு நாளாக அந்த இரண்டு எழுத்தை அவளால் அடிக்க முடியவில்லை. முடியாது என்று அடிக்கவும் முடியவில்லை. மணி இப்போது நாலு இருபது.

இதோ வருகிறது, கட்டைவிரல் நிற்கிறது. வலிக்குது. டும். போதும். வலிக்குது. டும். போதும். எட்டுத் தடவை. எட்டாவது தடவைக்குப் பிறகு டிரம் நின்று, கொட்டி, எல்லோரும் குதிக்க வேண்டிய இடம். கையைத் தூக்கிக் குதிக்கிறார்கள், கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் குதிக்கிறார்கள், கம்பெனி விழாவில் கழுத்தில் அடையாள அட்டை ஆட ஆடக் குதிக்கிறார்கள், உடம்பு குறைக்க வந்த பெண்கள் ஒரு மொட்டை மாடியில் வரிசையாக நின்று வலிக்குதுக்கு இடது கால், போதும்முக்கு வலது கால். பார்க்க மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்து, பிறகு உட்கார்ந்து நாற்பது ஐம்பது பார்த்துத் தொலைத்தாள். அது பாட்டில் உள்ள வரியே இல்லை. யாரும் எழுதவில்லை, யாரும் மெட்டுப் போடவில்லை. அவள் சொன்னது. ஐந்தாம் மாதத்தில் பிள்ளை கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆறாம் நாள், ஒலிப்பதிவு அறைக்குள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டுச் சொன்னது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் இன்ஜினியர் ஞானராஜ், நல்ல மனுஷர், செத்துப்போய்விட்டார். இன்னொருவன் அவள் புருஷன், பாட்டுக்கு இசையமைத்தவன். அவள் வர முடியாது என்றுதான் சொன்னாள், படுத்திருந்தாள், கால் இரண்டும் குளிர்ந்து கிடந்தன. அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, ரொம்ப அன்பாகத்தான் சொன்னான், அந்த அன்பை நினைத்தால்தான் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. “இந்த வாரம் உன் குரல்ல ஒண்ணு இருக்கு ஹெப்சி. அடுத்த வாரம் அது போயிடும்.” எரிகிற வீட்டில் பிடுங்கின வரைக்கும் லாபம் என்பார்களே, இவன் எரிந்தது தன் வீடு என்றுகூடப் பார்க்கவில்லை. ஏழு டேக் பாடினாள். ஏழாவதில் நிற்க முடியவில்லை, கீழே ரத்தம் போவது தெரிந்தது, சொன்னாள். வலிக்குது டைட்டஸ், போதும். அவ்வளவுதான் சொன்னாள். மைக் வழியாக அவன் குரல் வந்தது, இன்னொண்ணு மட்டும் என்று. எட்டாவது டேக்தான் பாட்டாக வந்தது. ரோஷன் அந்தப் பெயரை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய இடத்தில் டிரம்மை வைத்திருக்கிறான். உலகத்துக்கு அது டும். அவளுக்கு மட்டும் ஒவ்வொரு டும்மும் டைட்டஸ், டைட்டஸ், டைட்டஸ். பக்கத்து நாற்காலியில் முகத்துக்குப் பச்சையாக எதையோ பூசிக்கொண்டு, கண்ணில் வெள்ளரிக்காய்த் துண்டோடு சாய்ந்திருந்த அம்மாளின் கால் கட்டைவிரல் அந்த டும்முக்குச் சரியாக ஆடிக்கொண்டிருந்தது. மெட்டி போட்ட விரல்.

யார் கொடுத்தது அதை? நாலு நாளாக இந்தக் கேள்வியைத்தான் செக்கு மாடு மாதிரிச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். ரோஷன் திருடினானா என்றால் அவன் பாவம் கேட்டுத்தான் வாங்கினான், அக்கா அக்கா என்று உயிரை வாங்கி. சரி, அவனுக்குக் காது இல்லையா, பாட்டுக்கும் பேச்சுக்கும் வித்தியாசம் தெரியாதா, ஒரு பொம்பளை வலிக்குது என்றால் அது எந்த ராகம் என்றா பார்ப்பான். பார்ப்பான். இவர்கள் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள், சத்தம் நன்றாக இருக்கிறதா, போடு. இல்லை, அவனைச் சொல்லிக் குற்றமில்லை, டைட்டஸைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு டேக்குக்கு நடுவில் பதிவை நிறுத்தவே விடமாட்டான், பாடகி தொண்டையைச் செருமுவது, தண்ணீர் குடிப்பது, தன்னையே திட்டிக்கொள்வது எல்லாம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், தங்கம் அங்கேதான் கிடக்கும் என்பான். மற்ற இசையமைப்பாளர்கள் வேலை முடிந்ததும் நடுவில் கிடப்பதைத் துடைத்துவிடுவார்கள், இவன் எதையும் துடைக்கமாட்டான். அப்படிச் சேர்த்து வைத்த ஹார்ட் டிஸ்க் ஒன்று. அதை அவன் ரோஷனுக்குக் கொடுத்திருப்பான், அவமானப்படுத்த வேண்டும் என்றே கொடுத்திருப்பான் என்று முதல் நாள் நினைத்தாள். நினைக்க நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் காலையில் பல் துலக்கும்போது அந்த நினைப்பு ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. ஹார்ட் டிஸ்க் அவனிடம் இல்லையே. பிரிந்தபோது அவன் கீபோர்டுகளை எடுத்துக்கொண்டான், பீரோவை எடுத்துக்கொண்டான், சோபாவைக்கூட விடவில்லை, ஓடாத பாட்டை நீயே வைத்துக்கொள் என்று பாட்டையும் அந்தப் பெட்டியையும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போனான். எட்டு வருஷமாக அது அவள் அலமாரியில் கம்பளிக்கு அடியில் கிடந்தது. ரோஷன் கேட்டபோது அதைத் திறந்தது அவள். பாட்டு மட்டும் போதும் என்றால் அந்த எட்டாவது டேக்கை மட்டும் கேட்டுப் பிரித்து எடுத்து அனுப்பியிருக்க வேண்டும். கேட்க முடியவில்லை. ஒரு விநாடிகூடக் கேட்க முடியாது என்று தோன்றியது, அப்படியே மொத்தமாக, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டாள். சர்ச் பாடகர் குழுவில் பதினெட்டு வயதுப் பெண்களுக்கெல்லாம், குரலைச் சுத்தம் பண்ணாமல் யாருக்கும் அனுப்பாதே என்று வாய் வலிக்கச் சொல்லிக்கொடுக்கிறவள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது இதுதான். இதை நினைத்ததும் உச்சந்தலையில் சாயம் எரிய ஆரம்பித்தது, சொறியவும் முடியாது. வசுமதி தொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் ஏறவில்லை, உங்களுக்கு நரை ரொம்பப் பிடிவாதம் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிடிவாதமாம். வசுமதிக்குத் தெரியாது. எட்டு வருஷமாக வருகிற வாடிக்கை, மேடம் சர்ச்சில் பாடுவார்கள் என்று மட்டும் தெரியும், அவள் கடையில் அலறிக்கொண்டிருப்பது மேடத்தின் தொண்டைதான் என்று தெரியாது. வேகத்தைக் கூட்டினால் குரலும் இளைத்துவிடுகிறது, பத்தொன்பது வயதுப் பெண் மாதிரி இருக்கிறது, அதுவும் ஒரு கேலி. தெரியாமலே இருக்கட்டும். தெரிந்தவர்களை நினைத்தால்தான் பயம். தெரிந்தவர்கள் என்றால் டைட்டஸ் சொல்லித் தெரிந்தவர்கள். அவன் இப்போது சினிமாப் பக்கம் எல்லாம் தலைவைத்துப் படுப்பதில்லை, பிரதர் டைட்டஸ், ஜெபக் கூட்டங்களில் கீபோர்டு வாசித்து, நடுவில் நிறுத்தி, ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததைச் சாட்சியாகச் சொல்கிறவன், வெள்ளைச் சட்டை. அந்தச் சாட்சி போனில் கிடக்கிறது, ஒரு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். பிள்ளையை இழந்த ஆறாம் நாள் என் மனைவி தானாக எழுந்து வந்தாள், நான் பாடுகிறேன் என்றாள், வேண்டாம் என்று நான் அழுதேன், துக்கத்திலும் துதிக்கிற இருதயத்தை ஆண்டவர் அவளுக்குக் கொடுத்தார். ஜனங்கள் அழுகிறார்கள், கேமரா அழுகிறவர்களைத் தேடித் தேடிக் காட்டுகிறது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில், அவன் படிப்பது வேறு புத்தகம், அவ்வளவுதான் வித்தியாசம். அவளுடைய சொந்தத் தங்கை அந்த வீடியோவை அவளுக்கே அனுப்பி, அக்கா அத்தான் உன்னை எவ்வளவு உயர்த்திப் பேசுறார் பார், நீதான் அவரை விட்டுட்ட என்று எழுதினாள். அம்மா நம்பிக்கொண்டே செத்துப்போனாள். இல்லை என்று சொல்லிப் பார்த்தாள், ஒருமுறை, ஒரே ஒருமுறை, போதகரம்மாவிடம். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, துக்கத்தில் ஞாபகம் புரண்டுவிடும் மகளே என்றார். அதற்கப்புறம் அவளுக்கே சந்தேகம் வந்தது, அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அநியாயம், ஒருவேளை நான்தான் எழுந்து போனேனோ, ஒருவேளை அவனும் அதை உண்மை என்றே நம்பிக்கொண்டிருக்கிறானோ, பாவம் அவனுக்கும்தானே பிள்ளை. அப்படி ஒரு சமாதானத்தில்தான் இத்தனை வருஷம் தூங்கினாள். இப்போது இந்த டும் வந்து சேர்ந்திருக்கிறது. சரி என்று அனுப்பினால் அவள் பிள்ளை போனதன் மேல் ஊர் ஏறி நின்று ஆடும். முடியாது என்று அனுப்பினால் அந்த வார்த்தை மறுபடி கம்பளிக்கு அடியில் போய்விடும், சொன்னாள் என்பதற்கு ஒரு தடயமும் இருக்காது. இரண்டில் எது பெரிய துரோகம் என்று கட்டைவிரலால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. மணி நாலு ஐம்பது.

மடியில் போன் அதிர்ந்தது. பெயர் வரவில்லை, வெறும் எண், ஆனால் எண்ணைப் பார்த்ததும் கை அதை அறிந்துகொண்டது. எட்டு வருஷம். எடுக்கக் கூடாது என்று நினைக்கும்போதே எடுத்து, சாயம் படாமல் காதிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். டைட்டஸ்தான். குரலை மைக்கில் பேசுகிற பதத்துக்குத் தாழ்த்தியே வைத்திருந்தான். வாலிபர் முகாமில் பிள்ளைகள் இதைப் போட்டு ஆடினார்களாம், அப்போதுதான் கேட்டானாம், ராத்திரி முழுக்க ஜெபித்தானாம். அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான். தங்கையைக் கேட்டான். பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

“உனக்காகத்தான் சொல்றேன் ஹெப்சி. நம்ம பிள்ளை போன துக்கத்துல ஜனங்க ஆடுறாங்க. அது உனக்கு நல்லா இருக்கா?”

நெஞ்சில் சரியாகக் குத்தத் தெரிந்தவன். நாலு நாளாக அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி அது, அதே வார்த்தைகளில், அதை எங்கிருந்து எடுத்தான். ஆமாம், நன்றாக இல்லை, நிறுத்திவிடுகிறேன் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தது, அவனுக்கும் அது கேட்டிருக்கும். அவள் பேசாமல் இருந்ததை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான். கொஞ்சம் இளகி, பழைய நாட்களின் உரிமையோடு, பெருமூச்சு விட்டுச் சொன்னான்.

“ஏதோ, பேரையாவது எடுத்துட்டாங்களே. அதுவரைக்கும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

ஹெப்சிபாவின் கட்டைவிரல் நின்றது. ஒரு விநாடி அவளுக்கு எதுவும் விளங்கவில்லை, பிறகு மொத்தமும் விளங்கியது, இத்தனை வருஷமும் சேர்ந்து விளங்கியது. அங்கே ஒரு பெயர் இருந்தது என்று அவனுக்குத் தெரிகிறது. யாரும் சொல்லாமலே தெரிகிறது. டிரம் விழுகிற இடத்தில் அவனுக்கும் அதுதான் கேட்கிறது. மறக்கவில்லை, நம்பவும் இல்லை, ஞாபகம் அவனுக்குப் புரளவே இல்லை, அத்தனை ஜனங்களுக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு நின்று அழும்போதும் அந்த ஏழாவது டேக் அவன் காதுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. சந்தேகப்பட்டது எல்லாம் அவள் ஒருத்தி மட்டும். அவனுக்காகப் பாவம் பார்த்ததுகூட அவள் ஒருத்திதான். வந்தது கோபம் என்று சொன்னால் போதாது, வெறுப்பு, சுத்தமான, தண்ணீர் கலக்காத வெறுப்பு, அது வந்ததும் உடம்பு இதமாகச் சூடேறியது, அந்த இதத்துக்கு அவள் வெட்கப்படவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவனை நீங்க என்றே கூப்பிட்டவள்.

“அப்ப உனக்கு ஞாபகம் இருக்கு,” என்றாள்.

அவன் பழசை எல்லாம் எதற்கு இப்போது என்றான். சாட்சியில் சொல்வது ஜனங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான், அவளை உயர்த்தித்தானே பேசுகிறான் என்றான். ஹெப்சி, ஹெப்சி என்று இரண்டு தடவை கூப்பிட்டான். அவள் போனை வைத்துவிட்டாள். வைத்த கையோடு ரோஷனைக் கூப்பிட்டாள், அவன் முதல் மணியிலேயே எடுத்து, அக்கா, சரின்னு மட்டும் அனுப்புங்க அக்கா, இங்க ஹால்ல எல்லாரும் நகத்தைக் கடிச்சிட்டு இருக்காங்க என்றான். அவள் அந்த வரியில் ஒரு பெயரை எடுத்திருக்கிறாயே, அது இன்னும் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றான். யாரோ இன்ஜினியரைக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன், அதுவுமில்லாமல் அந்தப் பெயர் பீட்டில் உட்காரவில்லை, நொண்டியது, அதனால்தான் வெட்டினேன் என்றான். உட்காராதாம். பதினாலு வருஷமாக அவள் தலைக்குள் அது வேறு எங்கே உட்கார்ந்திருக்கிறது. ஹெப்சிபா கண்ணை மூடினாள். அவளாக, தன் விருப்பத்தில், அந்த வரியை முதல் தடவையாக முழுசாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள், குளிர்ந்த கால்களோடு, தள்ளிவிட்ட ஹெட்போனோடு, கீழே வழிந்ததோடு. நாற்காலியின் கைப்பிடியில் தட்டி எண்ணினாள்.

“உட்காரும். வலிக்குதுவை இழுக்க விடாம அரை அடி முன்னாலயே வெட்டு. பேரு ரெண்டு தட்டு. முதல் தட்டை டிரம் மேலயே வை, டிரம்மை எடுக்காதே. எட்டுத் தடவையும் வரணும். அப்பதான் சரின்னு அனுப்புவேன்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் குரலில் என்ன இருந்ததோ, பத்து நிமிஷம் கொடுங்கள் அக்கா என்று வைத்துவிட்டான். பதினாலு நிமிஷம் ஆனது. அந்தப் பதினாலு நிமிஷமும் அவளுக்கு நல்ல நிம்மதி ஒன்றும் இல்லை. பிள்ளை நினைவுக்கு வந்தது, அதற்குப் பெயர் வைக்கவில்லை, ஆணா பெண்ணா என்றுகூட அவளிடம் யாரும் சொல்லவில்லை, அதை இவள் கொண்டுபோய் ஹாலில் நடுக்கூட்டத்தில் விடுகிறாள், ஆடுகிற கால்களுக்குக் கீழே, எதற்காக, ஒருத்தன் சட்டையில் கறை பூசுவதற்காக. ஆமாம், அதற்காகத்தான். வேறு புனிதமான காரணம் எதையும் கண்டுபிடிக்க அவள் முயலவில்லை. தங்கை கேட்பாள், போதகரம்மா கேட்பார், முகாமில் ஆடிய பிள்ளைகள் கேட்டுவிட்டு பிரதர் முகத்தைப் பார்ப்பார்கள். மணி ஐந்து பதினேழுக்குப் போன் ஒளிர்ந்தது, எட்டு விநாடித் துண்டு. காதில் வைத்துக் கேட்கலாம். அவள் வசுமதியைக் கூப்பிட்டு, உங்கள் பாட்டை நிறுத்திவிட்டு இதைக் கொஞ்சம் ஸ்பீக்கரில் போடுங்கள் என்று போனை நீட்டினாள்.

வலிக்குது, டைட்டஸ், போதும். வலிக்குது, டைட்டஸ், போதும். டிரம் பெயரோடு சேர்ந்து விழுந்தது, நொண்டவில்லை, ஆணி அடித்தது போல இறங்கியது. வசுமதி கையில் இருந்த சீப்போடு நின்றுவிட்டாள். பக்கத்து நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்த மெட்டி போட்ட விரல் ஆடவில்லை. அந்த அம்மாள் ஒரு கண்ணிலிருந்து வெள்ளரிக்காயை எடுத்துவிட்டு, பச்சை முகத்தோடு ஸ்பீக்கரைப் பார்த்தாள், இன்னொரு தடவை போடச் சொன்னாள், கேட்டாள். யாரோ வீட்டுப் பெண்ணைப் பற்றி விசாரிக்கிற குரலில் மெதுவாகக் கேட்டாள்.

“யாருங்க இந்த டைட்டஸு? அந்தப் பொண்ண என்ன பண்ணான்?”

ஹெப்சிபா ‘சரி’ என்று அடித்து ரோஷனுக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டுத்தான் தலையைத் திருப்பினாள், நாற்பது நிமிஷத்துக்கும் மேலாக அசைக்காத கழுத்து மரத்துப்போயிருந்தது.

“பாட வச்சான்ங்க,” என்றாள். “பிள்ளை போன ஆறாம் நாள் என்னைப் பாட வச்சான்.”